கேழ்வரகுக் கஞ்சியும் என் மனைவியின் கிட்னியும்

என் அடிவயிற்றில் இருப்பது என் மனைவியின் கிட்னி. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதுமே கொஞ்சம் மிதப்பு உண்டு. என்னுடைய இரண்டும் கைவிட்ட பிறகு, இரண்டாயிரத்துகளின் நடுவில், அவள் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். மேடவாக்கத்து ஃபிளாட்டுக்குத் திரும்பி அப்பாடா என்று உட்கார்வதற்குள் சர்க்கரை வந்துவிட்டது. புது கிட்னியை உடம்பு ஒதுக்காமலிருக்கத் தரும் மாத்திரைகளின் கைங்கரியம் அது.

"சிலருக்குப் போயிடும், சிலருக்குத் தங்கிடும்" என்றார் டாக்டர். "வயசு, எடை, குடும்பத்துல சுகர் உண்டா, மாத்திரையை எவ்ளோ குறைக்க முடியுது, எல்லாத்தையும் பொறுத்தது. நீங்களா மாத்திரையைக் குறைச்சா கிட்னி போயிடும். சுகர் தங்கினாலும் நாளாவட்டத்துல கிட்னிக்கு ஆபத்துதான்." இன்சுலின் எழுதிக்கொடுத்தார். ஆபரேஷனுக்கே அசராத என் மனைவியின் முகம் அன்றுதான் சுண்டிப்போனது.

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. நானும் இனிப்பைத் தொடவில்லை. ஆனாலும் அளவு இறங்க மறுத்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், வீட்டில் ரத்தம் சோதிக்கும் மெஷினையே ஓட்டை என்று திட்டினேன். அடுத்த முறை போனபோது டயட்டீஷியன் அம்மா என்னென்ன சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார்.

"சாதம் கம்மிதான் மேடம். பசிச்சா ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி. சுகருக்கு நல்லதாச்சே" என்றேன் பெருமையாக. அபார்ட்மெண்டே சிபாரிசு செய்த வைத்தியம் அது. மாத்திரை கிளப்பிவிட்ட பசியோ அகோரப் பசி.

"கேழ்வரகா இருந்தாலும் மாவைக் கரைச்சுக் குடிச்சா சர்ருனு ஏறும் சார். அதுவும் சொம்பு சொம்பாவா?"

என் மனைவி ஆட்டோவில் ஏறும்வரை பொறுத்திருந்தாள். "நான் குடுத்த கிட்னியைக் கஞ்சியில ஊறப் போட்டிருக்கீங்களே, யாரைக் கேட்டு?"

அன்றோடு சொம்பு பரணுக்குப் போனது. தண்ணீர் லாரிகள் தெருவை அடைப்பதற்கு முன்னால் இருவரும் நடந்தோம். நான் முணுமுணுத்துக்கொண்டே நடந்தேன், அவள் காதில் வாங்காமல் நடந்தாள். தொப்பை கரைந்தது. டாக்டர் மாத்திரைகளை மெல்ல மெல்லக் குறைத்தார். இன்சுலினும் குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது.

நின்று பல மாதங்கள் ஆன பிறகு எங்கள் இருவருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். "இன்சுலின் இல்லாமலே சுகர் நார்மலா நிக்குது. எல்லாருக்கும் இப்படி அமையாது, அதிர்ஷ்டம்தான். செக்கப்பை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை நடையும் அதிர்ஷ்டமா? சண்டைக்குத் தயாரானேன்.

"கிட்னி?" என்று இடைமறித்தாள் அவள்.

"அவர்கிட்ட இருக்கறதும் நல்லா இருக்கு, உங்ககிட்ட இருக்கறதும் நல்லா இருக்கு."

ரோட்டில் என் கையைக்கூடப் பிடிக்காதவள், ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க, என் சட்டைமேல் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அசையாமல் நின்றேன்.