எனக்கு எது பயம் என்று காட்டிய மாதா

சோறு தொண்டையில் இறங்கவில்லை. 1963-இல் சென்னையில் விடுதியில் தங்கி, பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பு படித்தபோது எனக்கு வந்த துன்பம் இது. பரீட்சை என்று நினைத்தாலே புத்தகத்தை மூடிவிடுவேன். உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். விடுமுறைக்கு எங்கள் ஊரான செஞ்சிக்கு வந்தபோது, இனி கல்லூரிக்கே போக முடியாது என்று நினைத்தேன்.

தினமும் மாதா கோவிலுக்குப் போய், "மாதாவே, நல்ல மார்க் வாங்கிக் கொடுங்கள்" என்று மன்றாடினேன். பயம் குறையவில்லை. ஒருநாள் ஜெபமாலை சொல்லக்கூட முடியாமல் அழுதேன். "எதைக் கண்டு பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை தாயே. நீங்களே காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டேன்.

நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா பஸ் கண்டக்டர். அந்த வாரம் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோவிலுக்கு ஸ்பெஷல் பஸ் விட்டிருந்தார்கள்.

"வூட்லயே அடைஞ்சு கெடக்காத. வா, காத்தாட ஒரு நடை போய்ட்டு வரலாம்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

டிக்கெட் கிழித்துக்கொண்டே ஒவ்வொருவரிடமும், "எம் பொண்ணு. டாக்டருக்குப் படிக்கப் போவுது" என்று என்னைக் காட்டினார். அவர் சொல்லச் சொல்ல, பரீட்சையை நினைக்கும்போது வரும் அதே பயம் எனக்கு வந்தது. அப்போதுதான் விளங்கியது. மாதா காட்டிவிட்டார்கள்.

கூட்டம் இறங்கிப் போனதும், காலி பஸ்ஸில் நைனா இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்.

"சாப்டு கண்ணு. இன்னா, தொண்டையில எறங்கலியா?"

எங்கிருந்தோ எனக்குத் தைரியம் வந்தது. "நீ எல்லார்கிட்டயும் டாக்டர்னு சொல்றியே நைனா, அதான் பயமா இருக்குது. நான் ஆவலன்னா உனக்குத்தானே அவமானம்."

அவர் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். "சந்தோசத்துல சொன்னேம்மா. உனக்குப் பாரமா இருக்கும்னு தோணல. நீ இன்னாவா வந்தாலும் எம் பொண்ணுதான்."

அழுதுகொண்டே சாப்பிட்டேன்.

திரும்பும்போது ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, "பொண்ணு இன்னா படிக்குது?" என்று கேட்டார். நைனா என்னை ஒருமுறை பார்த்தார்.

"காலேஜி போவுது. பேரு ரோஸ்லின்" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

பயம் ஒரேயடியாகப் போய்விடவில்லை. வரும்போதெல்லாம், இது எங்கிருந்து வருகிறது என்று மாதாவின் முன் உட்கார்ந்து யோசிப்பேன். விடுதித் தோழியிடம் மனம்விட்டுச் சொல்வேன். பரீட்சையில் தேறினேன். பின்னாளில் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தேன். வாடிய முகத்தோடு வந்த மாணவிகளிடம் மார்க்கைப் பற்றி நான் முதலில் கேட்டதில்லை.

பிள்ளைகளே, உங்கள் பாரம் இன்னதென்று தெரியாவிட்டாலும் மாதாவிடம் போங்கள். காட்டுவார்கள். காட்டியதை, உங்கள்மேல் அன்பு வைத்திருப்பவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். என் தாய்க்கு என்றும் நன்றி.