வய்யா

உதவி கேட்டவரைத் தெரிந்தே கைவிட்டவன் நான்.

அந்தப் பங்குனியில் மகன் குடும்பம் வந்திருந்தது, வீடு கலகலத்தது. தனியாக வாழும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் தொண்டும் எனக்கு இருந்தது. பேத்தியின் பிறந்தநாளன்று, அந்த முதியவர்களில் ஒருவரான மலையாளி சாரதா டீச்சர் போனில், "அண்ணாச்சி, இன்னு வய்யா" என்றார். குரல் குழறியது. மலையாளத்தில் 'இன்னு' என்றால் இன்று; 'வய்யா'வுக்கு 'முடியாது' என்றும் பொருள், 'உடம்பு சரியில்லை' என்றும் பொருள். எனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டேன்.

"டீச்சருக்குச் சோறு கொண்டு போவலியா?" என்றாள் மனைவி.

"அவியளுக்கு வேண்டாமாம். நீ பிள்ளைய கேக் வெட்டச் சொல்லு."

மறுநாள் அவர் வாசலில் பால் பாக்கெட் வெயிலில் உப்பிக் கிடந்தது. கதவை உடைத்தோம். பக்கவாதம். உயிர் பிழைத்தார், பேச்சு போய்விட்டது.

இப்போது தினமும் நானே ஊட்டுகிறேன். ஒருநாள் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மிஞ்சியிருந்த ஒரே சொல்லைச் சொன்னார்: "வய்யா."

எந்தப் பொருளில் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.