தசரதனின் கரகரப்பு நோட்டு

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் தசரதன் நோட்டை மூடுவதில்லை. பட்டாபிராம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டே, தொடைமேல் வைத்த நாற்பது பக்க நோட்டில் ஒரு வரியாவது எழுதிவிட்டுத்தான் எழுந்திருப்பார். அந்த வரியில் ‘கரகரப்பு’ என்ற சொல் கட்டாயம் இருக்கும். ‘நேத்து ரயில்ல அரசியல் பேசினதால இன்னிக்கி கரகரப்பு ஜாஸ்தி.’ ‘ஞாயித்துக்கெழம. ஊட்ல யாரும் இல்ல. கரகரப்பும் இல்ல.’ ‘முறுக்கு தின்னதால கரகரப்பா, முறுக்கு சத்தமே கரகரப்பா, புரியல.’

ஐம்பத்திரண்டு வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், கார் கதவுகளுக்கான தகடுகளை அழுத்தி வெட்டும் பட்டறை ஒன்றில் ஃபோர்மேன். பன்னிரண்டு பிரஸ் மிஷின்கள் ஒரே நேரத்தில் இடிக்கும் அந்தக் கொட்டகையில் இருபத்தாறு வருடங்களாகக் கத்தியே வேலை வாங்கியவர். அதே குரலை வீட்டுக்கும் கொண்டுவருவார். உப்பு கேட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைப்பார்கள். மகள் லாவண்யாவைப் பெண் பார்க்க வந்தபோது, “காப்பி எடுத்துக்கோங்க!” என்று இவர் உபசரித்ததில் மாப்பிள்ளையின் சித்தப்பா எடுத்த டம்ளரைத் திரும்பக் கீழே வைத்துவிட்டார். மனைவி வரலட்சுமி மாப்பிள்ளை வீட்டுக்கே தேடிப்போய், “அவரு கோவமா பேசலீங்க, அவரு கொரலே அப்டித்தான்” என்று விளக்கிய பிறகே கல்யாணம் நடந்தது.

கத்துவதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இளங்கோ என்ற ஆபரேட்டர், மிஷினின் அச்சுக்குள் சிக்கிய தகட்டை விரலால் தள்ளப் போனான். “கைய எடுறா!” என்று தசரதன் போட்ட சத்தம் இரைச்சலைத் தாண்டவில்லை. இரண்டு விரல்கள் போயின. “அன்னிக்கி என் சத்தம் அவன் காதுல உழல நைனா” என்று இன்றும் சொல்வார். அதற்குப் பிறகு முன்னைவிடப் பலமாகக் கத்தினார்.

போன வருடம் குரல் கரகரத்தது. பிறகு கம்மிப்போனது. ஒருநாள் காலையில் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. குரல்நாணில் முடிச்சு என்றார் டாக்டர். பதினைந்து நாள் பேசவே கூடாது, பிறகு பயிற்சி, அதற்கும் கரையாவிட்டால் ஆபரேஷன். பயிற்சி கொடுத்த ரோஷினிக்கு அவருடைய மகள் வயதுதான். “குரல் எப்படி இருக்குன்னு தினமும் ஒரு வாக்கியம் எழுதுங்க சார். கரகரப்பு எதனால வருது, எப்ப குறையுதுன்னு உங்களுக்கே பிடிபடும்” என்றாள். ஷிப்ட் ரிப்போர்ட்டைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழகாதவர் முதல் நாள் எழுதிக்கொண்டு போனது இவ்வளவுதான்: ‘கரகரப்பு கீது.’

ரோஷினி சிரிக்கவில்லை. “ஏன் கீதுன்னும் எழுதுங்க சார்” என்றாள்.

எழுதினார். சில நாள் அரைப் பக்கம்கூடப் போனது. ‘லாவண்யா கோயமுத்தூர்லேந்து போன் பண்ணா. அழுவுறியாப்பான்னு கேட்டா. கரகரப்பும்மான்னேன்.’ அந்தப் பக்கத்தை மட்டும் ரோஷினியிடம் காட்டாமல் மடித்துவிட்டார்.

ஒன்றரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். குரல் வந்திருந்தது, ஆனால் மெலிந்த குரல். கத்தினால் இதுவும் போய்விடும் என்று எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். கத்தாத ஃபோர்மேனை எவன் மதிப்பான் என்ற கவலையோடு இரண்டு நாள் மிஷின்களுக்கு நடுவே சும்மா நடந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள், ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்திருந்த பிகாஷ், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், சிக்கிய தகட்டை எடுக்க அச்சுக்குள் கையை விட்டிருந்தான். அவனுடைய கால், மிஷினை இடிக்க வைக்கும் பெடலை ஒட்டி இருந்தது. தசரதன் வாயைத் திறந்தார். சத்தம் எழவில்லை. நான்கே எட்டில் போய், மிஷினின் சிவப்பு பட்டனை உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

அந்த மிஷின் நின்றது. என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து மற்றவர்களும் ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். கொட்டகையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.

“இன்னா அவசரம் பிகாஷு? கொறடு எதுக்குக் கீது?” என்றார் தசரதன், பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசுவதுபோல. கடைசி மிஷின்காரன் வரை அது கேட்டது. பிகாஷ் பத்து விரல்களையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே காட்டினான். தசரதன் தலையாட்டிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போனார். திரும்பி வரக் கொஞ்ச நேரமாயிற்று.

மறுநாள் மேனேஜர் ராகவன் அறைக்குப் போய், ஷிப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிடம் எல்லா மிஷினும் நிற்க வேண்டும், அந்த அமைதியில் ஆட்களிடம் பேசிக்கொள்கிறேன் என்று கேட்டார்.

“அஞ்சு நிமிஷம் நின்னா எத்தன பீஸ் போவும் தெரியுமா தசரதன்?”

“பீஸு நாளைக்கு அடிச்சிக்கலாம் சார். வெரலு?”

ராகவன் ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, ஒரு மாசம் பாப்போம்” என்றார். நான்கு மாதமாகிறது. யாரும் அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. இப்போது ஆட்களே சந்தேகம் வந்தால் மிஷினை நிறுத்திவிட்டுக் கை தூக்குகிறார்கள். “காதுல உழுதா?” என்று அவர் கேட்டால், “உழுது அண்ணாத்தே” என்று பிகாஷ் சொல்கிறான், அவன் தமிழும் அம்பத்தூர்த் தமிழாகிக்கொண்டு வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வரலட்சுமி சமையற்கட்டில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார். உள்ளறையிலிருந்து தசரதன், “வரலு” என்றார். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் பொறுத்து, அதே மெதுவான குரலில், இன்னொரு முறை கூப்பிட்டார். மிக்ஸி நின்றது. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்த வரலட்சுமி, பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “சொல்லுங்க” என்று காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.