முதல் மழைக்குப் பிறகு பார்க்கும் குழிகள்

இறக்கக்கண்டிக்கு மேற்கே காட்டுக்குள் பழைய புதைகுழிகள் கிடந்தன. எழுத்து என்ற ஒன்று வருவதற்கு முந்திய சனங்கள் தங்கள் செத்தவர்களைப் பலகைக் கற்களால் மூடிவைத்த இடம். நிலாவெளி ஹோட்டல்களில் தங்கும் வெள்ளைக்காரரை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அதைக் காட்டுவதுதான் என் தொழில். நான் இருக்கும் லிங்கநகரில் என்னைச் சுடலைக்கு ஆள் பிடிக்கிறவன் என்று பகிடி பண்ணுவார்கள். எலும்புகூட மிச்சமில்லாத குழிக்கு இவ்வளவு கதையா என்று என் மனைவியும் கேட்பாள். அந்தக் கதைதான் எங்களுக்குச் சோறு போட்டது.

இறக்கக்கண்டி மீனவர் ஒருவர் கத்தியோடு முன்னால் நடந்து பாதை வெட்டித் தருவார். அவருடைய மனைவி காட்டு முகப்பில் எல்லோருக்கும் இளநீர் சீவிக் கொடுப்பாள். அங்கே வைத்துத்தான் நான் கடைசிப் பாடத்தைச் சொல்வேன். வெள்ளைக்காரருக்கு இங்கிலீசில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தமிழில். ஒருமுறை தோண்டிய மண் முந்தியமாதிரி இறுகாது. மாரி மழை விழுந்தால் குழி இருந்த இடம் தாழ்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே முதல் மழைக்குப் பிறகு வாருங்கள் என்று முடிப்பேன். எல்லோரும் தலையாட்டிக்கொண்டு இளநீர் குடிப்பார்கள்.

சண்டை வந்தது. ஹோட்டல்கள் பூட்டிக் கிடந்தன. காட்டோரம் ஆமிக்காரர் முகாம் போட்டார்கள். ஒரு வெயில் காலத்தில் விறகு வெட்டப் போன அந்த மீனவர் திரும்பி வரவில்லை. யார் பிடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது, தெரிந்தவர்களும் சொல்லமாட்டார்கள். அவர் மனைவி ஏறி இறங்காத வாசல் இல்லை.

மாரி தொடங்கியதும் என் வீட்டுக்கு வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டும் இருக்கவில்லை.

"மழை பெஞ்சிட்டுது அண்ணை. இனித் தெரியும் எல்லோ?"

என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை.

"அதுக்குள்ள இப்ப போக ஏலாது தங்கச்சி."

"முகாமில புதுசா வந்த ஆமிப் பெரியவர் அந்தக் கல்லுகளைப் பார்க்க ஆசைப்படுறாராம். காட்டிற ஆள் ஆர் எண்டு விசாரிச்சவராம். நீங்கள் போனால் விடுவினம். என்ர மனுசன் அங்க கிடந்தால், பார்த்துச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு ஆர் இருக்கினம்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல் அல்ல. பிழைப்புக்காகச் சொன்ன ஒரு பாடம் இப்படிப்பட்ட காரியத்துக்கு உதவும்படி ஆகிவிட்ட நாட்டின்மேல். போகாதே என்று மனைவி அழுதாள். எனக்கும் பயம்தான். ஆனாலும் போனேன்.

பாதை வெட்ட ஆள் தேவைப்படவில்லை. காட்டை அகலமாக வழித்திருந்தார்கள். அந்தப் பெரியவர் மரியாதையானவர். கல்லைத் தடவிப் பார்த்து, இவ்வளவு பாரத்தை எப்படித் தூக்கினார்கள் என்று கேட்டார். வழக்கமான விளக்கத்தைக் கொடுத்துக்கொண்டே என் கண்ணைப் பாலை மரங்களின் பக்கம் விட்டேன். அங்கே மண் தாழ்ந்திருந்தது. ஆள் நீளத்துக்கு, மூன்று இடத்தில். மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை.

"அவையும் பழையனவா?" என்று அவர் கேட்டார்.

"இல்லை" என்றேன். அவர் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, போகலாம் என்றார்.

அவள் பஸ் நிற்கும் சந்தியில் காத்திருந்தாள். ஒன்றும் காணவில்லை என்று சொல்லிவிடலாமென வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் முகத்தைக் கண்டதும் அது வாயில் வரவில்லை.

"புது மண் கிடக்குது தங்கச்சி. மூண்டு இடத்தில."

அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள்.

"அதில எது அண்ணை இவர்?"

"தெரியாது. தோண்டாமல் சொல்ல ஏலாது. தோண்ட விடாயினம்."

பஸ் வந்து நின்றது. அவள் கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"அப்ப நான் மூண்டு பேருக்கும் அழவேணும்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.