காமி என்றால் நம்ம

தேசியம் பேசும் கட்சிகள் சில புதிதாகக் கூட்டணி சேர்ந்து, புக்கிட் செலம்பாவில் நான் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த தோட்டத்துக்கு முதல்முறை ஓட்டுக் கேட்டு வந்தன. மலாய்த் தலைவரின் பேச்சைத் தமிழில் சொல்ல ஒருவர் கூடவே வந்திருந்தார். ஒல்லியான ஆள். போட்டிருந்த கோட்டு விரல்களை மூடியது. வாய் திறக்குமுன் ஒவ்வொரு தடவையும் கழுத்துப் பித்தானைத் தொட்டுக்கொள்வார்.

தலைவர் "தானா காமி" என்று முழங்கினார். எங்கள் மண் என்று அர்த்தம். கேட்பவனுக்கு அதில் இடமில்லை. இவர் பித்தானைத் தொட்டு, "இது நம்ம மண்ணு" என்றார். கூட்டம் கைதட்டியது.

கடைத்தெருவில் பழகிய மலாய் எனக்கும் தெரியும். கூட்டம் முடிந்ததும் போய்க் கேட்டேன்.

"அண்ணே, காமின்னா 'எங்க'தானே? 'நம்ம'ன்னா கித்தா இல்ல?"

பித்தானைத் தொட்டார். "கூட்டணின்னு ஆனப்புறம் எல்லாம் ஒண்ணுதான் லா, தம்பி."

எனக்குக் கோபம் வந்தது. எங்களை ஏமாற்றுகிறாரா, அவரே நம்புகிறாரா என்று தெரியவில்லை. அதற்குள் கட்சி லாரி அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டது. கொஞ்ச தூரம் கத்திக்கொண்டே ஓடினார். லாரி நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்து, "சரி தம்பி, நாங்க வர்றோம்" என்றார். செம்மண் சாலையில் தனியாக நடந்தார்.

அதைச் சொல்லுமுன் பித்தானைத் தொடவில்லை. அந்த 'நாங்க'வில் அவரோடு யார் இருந்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.