உடும்பு எனக்கு, ஆறுமணிக்குருவி அவருக்கு

மார்ச் கடைசிச் சனிக்கிழமை நன்மங்கலம் காட்டுப் பக்கம் போனோம். என் கணவர் ஜான்சனுக்கு தோஹாவில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த வாரம் விமானம். அதற்குள் ஆறுமணிக்குருவியை ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். குளிர்காலத்துக்கு இங்கே வருகிற குருவி அது, வெயில் ஏறினால் வடக்கே கிளம்பிவிடும். எனக்குக் குருவிப் பைத்தியமெல்லாம் கிடையாது. உடும்பைப் பார்க்கலாமே என்றுதான் கூடப் போனேன்.

கிழக்குத் தாம்பரத்தில் காலை ஆறு மணிக்கு ஆட்டோ பிடித்தோம். சுமார் பத்து கிலோமீட்டர், முந்நூறு ரூபாய்.

"காலங்காத்தால காட்டாண்ட இன்னா சார் கீது?" என்றார் ஓட்டுநர்.

"குருவி பாக்கப் போறோம்ணா."

"உடும்பும்தான்" என்றேன் நான்.

"உடும்பா? எங்க வூட்டாண்டயே சுத்திகினு கீதுக்கா. அதுக்கா இம்மாந்தூரம்?"

காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. வேலிக்கு வெளியே சாலையோரமாகவே நின்றோம். ஜான்சனின் சட்டங்கள் தனி. பேசக் கூடாது, கை நீட்டக் கூடாது, காட்டில் எது நடந்தாலும் நாம் தலையிடக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டு கொசுக்கடி வாங்கினேன்.

எட்டு மணிக்குச் சருகு சரசரத்தது. அந்தச் சத்தத்துக்கு உடும்பேதான் என்று நினைத்தேன். வந்தது மைனாவைவிடச் சின்னக் குருவி! பச்சை முதுகு, கண்ணில் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு. இலை இலையாகப் புரட்டிப் புழு தேடியது. அதன் பின்னாலேயே நாலடி நீளத்தில் என் உடும்பு. அவ்வளவு பெரிய உடம்பு, துளி சத்தம் இல்லை. எனக்கு அதை ரொம்பப் பிடித்துப்போனது.

ஜான்சன் கேமராவைத் தூக்கினார். குருவி முகத்தைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. உடும்பு இன்னும் கிட்டே வந்தது. சட்டென்று கேமராவை இறக்கியவர், "ஏய், போ! போ!" என்று கத்திக் கைதட்டினார். குருவி பறந்துவிட்டது. உடும்பு எங்களைப் பார்த்து நாக்கை நீட்டிவிட்டுப் புதருக்குள் போனது.

"என் உடும்போட டிபனைக் கெடுத்துட்டீங்களே!" என்றேன். "தலையிடக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

"நான்தான்" என்றார். "உடும்புக்கு வேற ஏதாவது கெடைக்கும் ஸ்டெல்லா. குருவி ஊருக்குப் போகணும்ல."

அதற்கு மேல் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. வழியில் பொங்கல் வடை சாப்பிட்டுவிட்டு, படம் இல்லாமலே சந்தோஷமாக வீடு திரும்பினோம்.

போகிறவர்கள் தண்ணீரும் கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். குருவிக்கு விடியற்காலையே போய்விட வேண்டும், அதுவும் மார்ச் முடிவதற்குள். உடும்பு வெயில் ஏறினால்தான் வெளியே வரும். ஆனால் அதற்கு மாசக் கணக்கு கிடையாது. அதுவும் என்னை மாதிரித்தான், எங்கேயும் போகாமல் இங்கேயே இருக்கும்.