வெள்ளை நாடா

"இந்த ஊர்ல ஒரு கொள்ளுத்தாத்தா கூட அடுப்படியில நிக்கலையா? எல்லாருமே போர்முனையிலதான் நின்னாங்களாம். அப்போ அத்தனை பேருக்கும் சூப் காய்ச்சினது யாரு, பேயா?"

மாடி வீட்டு வால்புர்கா டெஷ்னர் தினமும் காலையில் என் அடுக்களையில் வந்து உட்கார்ந்ததும், காபியைத் தொடும்முன் இதைச் சொல்லிவிடுவாள். நானும் தினமும், "உனக்கென்ன, குடி" என்பேன்.

அவளிடம் வருகிறவர்கள் பரணில் கிடைத்த பழைய பதக்கங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் ராஜா கைசர் கொடுத்த இரும்புச் சிலுவை, அந்தப் போருக்குப் போனவர்களுக்குப் பல வருஷம் கழித்துக் கொடுத்த இன்னொரு சிலுவை, இவற்றை வரிசையாகத் தைத்துக் கோட்டில் குத்திக்கொள்ளும் பதக்கப் பட்டை. யாருடையது, எதற்குக் கொடுத்தது என்று அவள் சொல்ல வேண்டும். மற்றவர்கள் முன்பக்கத்தின் பளபளப்பைப் பார்த்தால் இவள் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்ப்பாள். துணிக்கடையில் நாடா வெட்டி விற்றே வயசானவள். பொத்தான் டப்பா ஒன்று வாங்கினாளாம், அதற்குள் ஒரு பதக்கம் கிடந்ததாம். அன்று பிடித்த பைத்தியம். இப்போது வீடு முழுக்கத் தட்டுத் தட்டாகப் பதக்கம், பாச்சை உருண்டை நாற்றம். நான் அவள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். சுவஸ்திகா போட்டதை மட்டும் வாங்க மாட்டாள். "அதைத் தேடி வர்றவன் மூஞ்சியே சரியில்ல" என்பாள்.

மார்ச் மாதம் எக்ஹார்ட் லோமையர் வந்தார். குறிசுடும் போட்டி நடத்தி, யூனிஃபாரத்தோடு ஊர்வலம் போகிற ஊர்த் துப்பாக்கிக் கழகத்தின் தலைவர். எங்கள் ஊரில் மேயருக்கு வணக்கம் வைக்காமல் போகலாம், கழகத் தலைவருக்கு வைக்காமல் போக முடியாது. கழகத்துக்கு இந்தக் கோடையில் நூற்றைம்பதாவது ஆண்டு விழா. விழாக் கூடத்துக்குத் தன் கொள்ளுத்தாத்தா பெயரை வைத்து, போர்முனை வீரர் என்று போட்டு, அவருடைய பதக்கப் பட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதாக லோமையர் ஏற்பாடு செய்துவிட்டார். கமிட்டியில் யாரோ ஒருவர் மட்டும், டெஷ்னர் பார்த்து அசல் என்று சொல்லட்டும் என்றிருக்கிறார். அதற்குத்தான் வந்திருந்தார். அன்று நான் பிளம் கேக் கொண்டுபோயிருந்ததால் அங்கேயே இருந்தேன்.

வால்புர்கா பட்டையைத் திருப்பினாள். சன்னல் திரையை இழுத்து மூடி, கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கைப் போட்டாள். இரும்புச் சிலுவையின் கருப்பு நாடாவில் இருந்த வெள்ளைக் கோடுகள் புதுச் சட்டை மாதிரி பளீரென்று எரிந்தன.

"லோமையர், பழைய நூல் இந்த விளக்குல செத்துக் கிடக்கும். இது நம்ம காலத்து நூல்."

"நாடா கிழிஞ்சிருக்கும், யாராவது மாத்தியிருப்பாங்க."

"கிழிஞ்சா அதே நிறத்துல மாத்துவாங்க. இங்க பாருங்க, தையலுக்குள்ள பழைய நாடாவோட நுனி மாட்டியிருக்கு. வெள்ளை. கருப்பு நாடா போர்முனைக்காரனுக்கு, வெள்ளை நாடா அங்க போகாதவனுக்கு. பக்கத்துச் சிலுவையை மாத்த மறந்துட்டாங்க போல. சண்டை போட்டவனுக்கு அதுல குறுக்க வாள் இருக்கும். இதுல இல்ல."

"நான்தான் மாத்தினேன்னு சொல்றீங்களா?"

"நாடா என்ன சொல்லுதோ அதைத்தான் நான் சொல்றேன்."

லோமையர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளிடம், "ஒரே வார்த்தை, டெஷ்னர் அம்மா. சரியா இருக்குன்னு கமிட்டியில வந்து சொல்லிட்டுப் போயிடுங்க" என்றார்.

"வெள்ளை நாடாவும் நல்ல நாடாதான். குதிரை ஆஸ்பத்திரியில இருந்திருப்பாரு. குதிரைக்கு மருந்து போட்டவருன்னு எழுதி வைங்க, நானே வந்து பூ வைக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. பட்டையை மெதுவாக, மடிப்புக் கலையாமல் துணியில் சுற்றினார். வாசலில் நின்று, "நீங்க இங்க தனியாத்தான இருக்கீங்க?" என்றார்.

"ஏன்?"

"சும்மா கேட்டேன்."

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும், "சரின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே, உன் வீட்டுக் கூடமா?" என்று கத்தினேன்.

"வெள்ளையைக் கருப்புன்னு ஒரு தடவை சொல்லிட்டா, அப்புறம் என் அலமாரியில இருக்கிறது எல்லாம் கந்தல்டி."

அதன் பிறகு பதக்கம் கொண்டு வருகிறவர்கள் நின்றுபோனார்கள். அவளுடைய குப்பைத் தொட்டியை யாரோ கவிழ்த்தார்கள், அவளுடையதை மட்டும். மணி அடிக்கும், போய்த் திறந்தால் ஆள் இருக்காது. என் வீட்டுக்காரரும் கழகத்தில்தான் இருக்கிறார். "கொஞ்ச நாளைக்கு மாடிக்குப் போகாதே" என்றார். "கொஞ்ச நாளைக்கு உங்க யூனிஃபாரத்தை நீங்களே இஸ்திரி போட்டுக்கோங்க" என்றேன். ஆனால் ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டதற்கு, இஸ்திரிப் பெட்டியைத் தானே தேடி எடுக்கப் போய்விட்டார்.

பிறகு பேக்கரியில் நடந்தது. பேக்கரி மார்லிஸும் வால்புர்காவும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, அன்றிலிருந்து வாடி போடிதான். நான் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்றாள் மார்லிஸ்.

வால்புர்கா திரும்பி என்னைப் பார்த்தாள். என்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டாள்.

"உங்களைத்தான் கேக்கறேன், டெஷ்னர் அம்மா."

எங்கள் ஊரில் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு வருவதற்கே வருஷக்கணக்காகும். வந்தபின் திரும்பிப் போவது இல்லை. ஆள் செத்தால்கூட கல்லறையில் 'நீ' என்றுதான் பேசுவோம். மார்லிஸின் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது, கை மாவுத் துணியைத் திருகிக்கொண்டிருந்தது. வால்புர்கா ரொட்டி வாங்காமலே வெளியே போய்விட்டாள்.

போன வாரம் அவள் கதவுக் கைப்பிடியில் ஒரு கருப்புச் சிலுவை தொங்கியது. போரில் செத்தவனின் பெண்டாட்டிக்கோ பெற்றவர்களுக்கோ கொடுத்தது அது. சாவு வீட்டுப் பதக்கம். நான்தான் முதலில் பார்த்து அலறினேன். அவள் வந்து அதைக் கழற்றி, அந்த நிலைமையிலும் திருப்பிப் பார்த்தாள்.

"அசல்தான். வளையத்துல செம்புக் கம்பி ஒட்டு இருக்கு. மார்லிஸோட கொள்ளுப்பாட்டிக்கு வந்தது. இது என்னன்னு அவளுக்குச் சொன்னதே நான்தான்."

"அவளா வந்து மாட்டினா?"

"இல்ல. கழகத்துக்காரங்க கேட்டிருப்பாங்க." அந்தச் செம்புக் கம்பியை விரலால் தடவினாள். "கொடுத்திருக்கா, பாரு."

"போலீஸுக்குப் போ."

"போய் என்னன்னு சொல்றது? யாரோ எனக்கு மெடல் கொடுத்தாங்கன்னா?"

இப்போது பகலிலும் சன்னலை அடைத்துத்தான் வைத்திருக்கிறாள். வருகிற சனிக்கிழமை ஆண்டு விழா ஊர்வலம். பச்சைக் கோட்டும் துப்பாக்கியுமாக முந்நூறு பேர், பேண்டு வாத்தியத்தோடு எங்கள் தெரு வழியாகத்தான் போவார்கள். வீட்டுக்கு வீடு கொடி கட்டியாகிவிட்டது. இந்த வருஷம் எங்கள் வாசலில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறார்களாம். எதற்கு என்று கேட்டேன், என் வீட்டுக்காரர் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு மட்டும் உன் தங்கை வீட்டுக்குப் போ என்று அவளிடம் கெஞ்சிப் பார்த்தேன். "போனா, பொய் சொன்னதால ஓடிட்டான்னு ஆகும்" என்கிறாள்.

அதனால் இதைப் படிக்கிற உங்களைக் கேட்கிறேன். சனிக்கிழமை உங்களுக்கு என்ன வெட்டி முறிக்கிற வேலை? ப்ரெடன்பாக், ஆலைத் தெரு, பதினோராம் நம்பர், மாடி. மத்தியானத்துக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் தெருவை அடைத்துவிடுவார்கள். பரணில் பதக்கம் இருந்தால் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டால் வெறுங்கையோடு வந்து அவளைப் பார்த்துவிட்டு உட்காருங்கள். கேக் நான் செய்துவிடுகிறேன். ஊர்வலம் நிற்கிற நேரத்தில் அவள் சன்னல் திறந்திருந்து, அவளோடு நாலைந்து தலை தெரிந்தால் போதும்.